ஹிஜ்ரி 316 ஏன் கி.பி. 938 ஆகாது?

இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரியின் 316-ஆம் ஆண்டு உங்கள் கணக்கில் கி.பி. 938 ஆகிறது, நூலிலோ 929 என்று இருக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஹிஜ்ரி தொடங்கிய கி.பி. 622-ஐ 316-உடன் நேராகக் கூட்டியதால்தான் உங்களுக்கு 938 வருகிறது. முஸ்லிம் ஸ்பெயினின் ஆட்சியாளர் மூன்றாம் அப்துர் ரஹ்மான் குர்துபாவில் (கோர்டோபா) தன்னைக் கலீஃபாவாக அறிவித்தது 929 என்று உங்கள் நூல் சொல்வதே சரி. ஹிஜ்ரி ஆண்டு நிலாக் கணக்கு. நம் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஏறத்தாழ 33 ஹிஜ்ரி ஆண்டுகளில் இந்தக் குறைவு ஓர் ஆண்டாகிவிடும்.

316-ஐ 33-ஆல் வகுத்தால் 9.6. அதை 316-இல் கழித்து 622-ஐக் கூட்டுங்கள்: 928.4. அங்கேயே நிறுத்திவிடாதீர்கள், பலரும் சறுக்கும் இடம் இதுதான். ஹிஜ்ரி 316 தொடங்கியது 928 பிப்ரவரியில். அறிவிப்பு வந்ததோ கடைசி மாதமான துல்ஹஜ்ஜில், அதாவது 929 ஜனவரியில்.

ஸ்பெயினில் முஸ்லிம்களின் கடைசி நகரான கிரனாடாவை வைத்துச் சரிபாருங்கள்: அது கிறிஸ்தவ அரசர்களிடம் கைமாறிய ஹிஜ்ரி 897-க்கு இதே கணக்கில் 1491.8 வரும், கைமாறிய நாள் 1492 ஜனவரி 2.

அந்தலூசிய (முஸ்லிம் ஸ்பெயின்) நாணயங்களில் பொதுவாக மாதம் இருக்காது. ஹிஜ்ரி 316 என்று பொறித்தவற்றுக்கு 928/929 என்று இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே எழுதுங்கள்.