‘கேஸை மூடினேனா?’ – மறதி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஊருக்குக் கிளம்பி பஸ் ஏறியதும் ‘கேஸை மூடினேனா?’ என்று சந்தேகம் வந்துவிடுகிறது. திரும்பிப் போய்ப் பார்த்தால் மூடித்தான் இருக்கிறது. 42 வயதிலேயே மறதியா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இது மறதியே இல்லை. மூடியது மனதில் பதியவில்லை, அவ்வளவுதான். தினமும் செய்கிற வேலையைக் கை தானாகவே செய்துவிடும். மனசு அந்த நேரம் பையிலும் டிக்கெட்டிலும் கிடக்கும். கவனம் படாத எதுவும் நினைவில் ஏறாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ரெகுலேட்டரைத் திருகிய காட்சி உங்களிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, எல்லாம் ஒரே அச்சு. மனதில் தெரிவது இன்றையதா, நேற்றையதா என்று பிரிக்க வழியில்லை.

ஆகவே இன்றைய மூடலுக்கு ஓர் அடையாளம் போடுங்கள். ரெகுலேட்டரை விரலால் சுட்டி, “வெள்ளிக்கிழமை, மதுரைக் கல்யாணம், மூடியாச்சு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை இப்படித்தான் விரல் நீட்டி உரக்கச் சொல்கிறார்கள். வெறும் ‘மூடியாச்சு’ மட்டும் போதாது. ஒரு வாரத்தில் கையோடு சேர்ந்து வாயும் தானாகச் சொல்லப் பழகிவிடும். கிழமையும் காரணமும் சேர்ந்தால்தான் அது அன்றைய நாளோடு ஒட்டும்.

கண்ணால் பார்த்த பிறகும் நாலைந்து முறை திரும்பிப் போகத் தோன்றினால் அது பதற்றம். திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க சந்தேகம் கூடும், குறையாது. மனநல மருத்துவரிடம் பேசலாம்.

கேள்வி: குரூப் 4 தேர்வுக்கு வரலாற்றை ஐந்து முறை படித்துவிட்டேன். மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் ஆண்டுகள் எல்லாம் குழம்புகின்றன.
– வாசகர், தேனி

பதில்: ஐந்து முறை படித்ததில்தான் கோளாறு. ஐந்தாவது முறை பக்கத்தைப் பார்க்கும்போது எல்லாம் பழகிய முகமாகத் தெரியும். அதைத் ‘தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறோம். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பாடத்தை மாணவர்களில் ஒரு சாரார் மறுபடி படித்தார்கள். இன்னொரு சாரார் பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள்: படித்தவர்கள் 81 சதவீதம், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: எழுதியவர்கள் 56, படித்தவர்கள் 42.

செய்ய வேண்டியது இது. இருபது நிமிடம் படியுங்கள். புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். வராத இடத்தில் உடனே புரட்டாதீர்கள். அரை நிமிடமாவது திணறுங்கள். அந்தத் திணறல்தான் பயிற்சி. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறியதையும் சிவப்பு மையால் திருத்துங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் மறுபடி வெற்றுத்தாள்.

இடைவெளி ஏன் இப்படி விரிகிறது? ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹவுஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, அவற்றை மறுபடி படிக்கையில் எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். 20 நிமிடத்துக்குப் பின் மிச்சம் 58 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. முதல் நாளில்தான் பெருஞ்சரிவு. அப்புறம் மெல்லத்தான் இறங்குகிறது. பொருள் புரிந்த பாடம் இவ்வளவு வேகமாக வழியாது.

ஆண்டுக் குழப்பம் வேறு ரகம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் அக்டோபர், மருது சகோதரர்களும் அக்டோபர். ஒன்றுபோல இருக்கிற செய்திகள் ஒன்றை ஒன்று மறைக்கும். கேள்வித்தாள் தயாரிப்பவருக்கும் அது தெரியும். 1799, 1801, 1806 மூன்றையும் ஒரே கேள்வியின் விடைகளாக வரிசையாகப் போடுவார். இவற்றைத் தனித்தனியாக உருப்போடாமல் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: கட்டபொம்மன் – கயத்தாறு, 1799 அக்டோபர் 16; மருது சகோதரர்கள் – திருப்பத்தூர், 1801 அக்டோபர் 24. நடுவில் ஒரு கயிறு கட்டுங்கள்: கட்டபொம்மன் போன பிறகு அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி மருதுவிடம் அடைக்கலம் போனார். அப்படியென்றால் மருதுவின் ஆண்டு பிந்தியதாகத்தானே இருக்க முடியும்? வேலூர்ப் புரட்சி இவை இரண்டுக்கும் பிறகு, 1806.

இரவு கண்விழிக்காதீர்கள். பகலில் படித்தது தூக்கத்தில்தான் உறுதிப்படுகிறது.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பள்ளிக்கூட நாள் கதைகளை அச்சுப்பிசகாமல் சொல்கிறார். காலையில் சாப்பிட்டதைக் கேட்டால் தெரியவில்லை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: புது நினைவைப் பதிக்கும் இடமும் பழசு தங்கும் இடமும் ஒன்றல்ல. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-ல் வலிப்புக்காக மூளையின் இரு பக்கமும், புது நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியைப் பெருமளவு நீக்கினார்கள். சிறுவயது நினைவுகள் தங்கின. புதிதாக நடந்த எதுவும் தங்கவில்லை. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் மட்டும் நாளுக்கு நாள் தேறினார். ஆனால் ஒவ்வொரு நாளும் ‘இதை இதற்கு முன் செய்ததே இல்லை’ என்றார்.

அப்பாவை நரம்பியல் அல்லது முதியோர் நல மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனை அவசியம். இந்தக் குறைகளால் வரும் மறதியைச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. காது கேட்கிறதா என்றும் பாருங்கள். சரியாகக் காதில் விழாதது நினைவிலும் இருக்காது. அவர் போடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தூக்க மாத்திரை, பழைய ரக சளி-அலர்ஜி மாத்திரை, அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் சில மாத்திரைகள் வயதானவர்களின் நினைவை மங்கவைக்கும். மனச்சோர்வும் மறதி வேஷம் போடும். பழகிய தெருவில் வழி தடுமாறுகிறார், சில்லறைக் கணக்கு பிடிபடவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சிறுநீர்த் தொற்றாகவோ உப்புச்சத்துக் குறைவாகவோ இருக்கலாம்.

வீட்டில் ‘இப்பத்தானே சொன்னேன்’ என்பதை விட்டுவிடுங்கள். தினசரி காலண்டர் தாளிலேயே ‘இட்லி சாப்பிட்டாச்சு, பி.பி. மாத்திரை போட்டாச்சு’ என்று அவர் கையால் எழுதச் சொல்லுங்கள். கேட்கும்போது காலண்டரைக் காட்டினால் போதும்.

கேள்வி: வல்லாரை சாப்பிட்டால் ஞாபக சக்தி கூடுமா?
– வாசகர், சேலம்

பதில்: கூடும் என்று அடித்துச் சொல்ல ஆய்வு ஆதாரம் போதாது. துவையலாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரைதான். மாத்திரையாகத் தினமும் விழுங்குவது வேறு விஷயம். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.