கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர்கள் மூன்று சிடியாகக் கொடுத்தது காசு பார்க்கத்தானா?

தம்பி கேட்டிருப்பது இது: ஒரு டிவிடியை 700 எம்பி சிடி ஒன்றிலேயே சுருக்கி அடக்க முடியும் என்றால், அந்தக் காலத்தில் காரைக்குடிப் பக்கத்து ஸ்டுடியோக்களில் கல்யாண வீடியோவை மூன்று சிடியாகப் பிரித்துக் கொடுத்தது ஏன்? சிடிக்கு இவ்வளவு என்று காசு வாங்கத்தானே?

இல்லை. அந்த வேலையை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தவன் நான். சும்மா இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் டிவிடி பிளேயர் இருந்திருக்கும். ஊரில் பல வீடுகளில் இருந்தது சிடியில் பதிந்த படத்தை ஓட்டும் விசிடி பிளேயர் மட்டும்தான். அந்தப் பெட்டிக்குப் புரிவது 1993இல் வகுத்த விசிடி முறை ஒன்றுதான்: எம்பெக்-1 என்ற படச் சுருக்க முறை, 352க்கு 288 புள்ளிப் படம், வீடியோவுக்கு நொடிக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பாட்டு சிடி சுற்றும் அதே வேகத்தில்தான் விசிடியும் சுற்றும். அதனால் 80 நிமிடப் பாட்டு பிடிக்கும் சிடியில் 80 நிமிடப் படம்தான் பிடிக்கும். மூன்று மணி நேரக் கல்யாணம் என்றால் மூன்று தட்டு. இதில் ஸ்டுடியோக்காரன் செய்ய ஒன்றும் இல்லை.

நீங்கள் சொல்லும் 'ஒரே சிடி' டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்ற, இன்னும் இறுக்கிச் சுருக்கும் வகை. மூன்று மணி நேரத்தை 700 எம்பியில் அடைத்தால் ஒலியையும் சேர்த்து நொடிக்கு 540 கிலோபிட் சொச்சம்தான் கிடைக்கும். கம்ப்யூட்டரில் ஓடும். விசிடி பிளேயரில் போட்டால் 'நோ டிஸ்க்' என்று துப்பிவிடும்.

இப்படித்தான் கானாடுகாத்தானிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். தங்கை கல்யாண டிவிடியை மலேசியாவில் இருக்கும் உறவுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள், ஊரில் இருக்கும் அவருடைய அப்பத்தா பார்க்கவில்லை. வேறு கடையில் ஒரே சிடியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அந்த ஆச்சி வீட்டுப் பெட்டியில் அது ஓடவில்லை. கேமராவில் பிடித்த டேப் கைவசம் இல்லை, டிவிடி மட்டும்தான் இருந்தது. அதிலிருந்து படம் இருக்கும் விஓபி கோப்புகளை எடுத்து, டிஎம்பிஜிஎன்க் என்ற மென்பொருளில் போட்டு விசிடிக்கு மாற்ற வேண்டும். இப்போது மாதிரி இல்லை, ராத்திரி ஓடவிட்டால் விடிந்தும் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டிவிடியின் படம் 720க்கு 576 புள்ளி. விசிடிக்கு வரும்போது அதில் ஏறக்குறைய கால்வாசிப் புள்ளிகள்தான் மிஞ்சும். அதிலும் நம்ம ஊர் வீடுகள் எம்பெக்குக்குப் பெரிய சோதனை. வளவு என்கிற முற்றத்தின் நடுவில் வெயில் கொட்டும், சுற்றிலும் பட்டாலைத் திண்ணையில் தூண் நிழல். கேமரா லேசாகத் திரும்பினாலே தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாடு முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிதறும். நிழலில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்கள் முகம் கறுப்புச் சதுரங்களாகிவிடும். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று விட்டுவிடலாம். நான் விடவில்லை. அந்தக் காட்சிகளை மட்டும் தனியாகப் பிரித்து, புள்ளி இரைச்சலைக் குறைத்து, நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி மறுபடி ஓட்டினேன். அந்த வரிசையில்தான் ஆச்சியின் தங்கை உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் தட்டை எங்கே வெட்டுவது? 80 நிமிடம் ஆனதும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. நான் மாப்பிள்ளை அழைப்போடு முதல் தட்டை முடிப்பேன். திருப்பூட்டு, அதாவது தாலி கட்டுவது, முழுசாக இரண்டாவது தட்டில் வரும். பெண்ணுக்குக் கொடுத்த சாமான் பரப்பியது, சாப்பாடு, விடைபெறுவது எல்லாம் மூன்றில். திருப்பூட்டு நடக்கும்போது ஆச்சியை எழுந்து போய்த் தட்டு மாற்ற வைக்கக் கூடாது, அவ்வளவுதான். வெற்றுத் தட்டு என்ன விலை விற்றது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கூலி வாங்கியது உழைப்புக்கு.

'எஸ்விசிடி இருந்ததே' என்று யாராவது கீழே வந்து சொல்வீர்கள். விசிடியைவிடத் தரம் கூடிய முறை அது, இருந்தது. படம் நன்றாகவே இருக்கும். ஆனால் நல்ல தரத்தில் ஒரு தட்டில் 40 நிமிடம்தான் வரும், பழைய பெட்டிகளில் பாதி அதை ஓட்டாது. சினிமா டிவிடியைத் திருட்டுத்தனமாக நகல் எடுத்ததைப் பற்றியும் நான் பேசவில்லை. அது வேறு கூட்டம்.

எனக்கு ஆறாத வருத்தம் வேறு ஒன்று. எவ்வளவு பாடுபட்டு ஒலியைச் சுத்தம் செய்தாலும், 'சத்தத்தை எடுத்துட்டு சினிமாப் பாட்டு போடுங்க' என்பார்கள். நாதஸ்வரம் போகும். பெரியவர்கள் வாழ்த்திய குரல் போகும். அந்த வீடியோக்களில் இருக்கும் ஐயாமார் எத்தனையோ பேர் இன்று இல்லை. முகம் இருக்கிறது, குரல் இல்லை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

சரி, இன்று உங்கள் கையில் அந்த டிவிடி இருந்தால் சிடிக்குச் சுருக்காதீர்கள், தேவையே இல்லை. முதலில் அதில் இருக்கும் VIDEO_TS என்ற ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். பதிவு டிவிடியின் சாயம் நாளாக ஆக மங்கும், ஆகவே தள்ளிப் போட வேண்டாம். நகல் எடுத்த பிறகு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எச்.264 என்ற வீடியோ வகையாக மாற்றி பென்டிரைவில் போட்டால் இன்றைய டிவியில் ஓடும். அதில் டீஇன்டர்லேஸ் என்ற வசதியைப் போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். தட்டு படிக்காவிட்டால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறலைத் தாண்டுவது பிளேயருக்குக் கஷ்டம்.