எம்சிவி (சிவப்பணுவின்ர சராசரிப் பருமன்) 68இலயே நிக்குது, ஜெனெற்றிக் ரெஸ்ற் தேவையோ?

டிஎன்ஏ ரெஸ்ற் இப்ப தேவையில்லை, உங்கட குடும்ப டொக்டர் சொன்னது அந்தளவில சரி. ஆனா மூண்டு மாசம் இரும்புக் குளிசை குடிச்சும் எம்சிவி 68இலயே நிக்குதெண்டா இனியும் குளிசையை மட்டும் நம்பி இருக்காதேங்கோ, எச்பிஎல்சி எண்ட, ஈமோகுளோபின் வகையளைப் பிரிச்சுப் பாக்கிற ரெஸ்ற்றுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ.

அனேகமா நீங்கள் தலசீமியா எண்ட பரம்பரை இரத்தக் குறைபாட்டின்ர கரியரா, அதாவது அந்த மரபணுவைக் காவுறவரா, இருக்கலாம். என்ர தங்கச்சிக்கும் இதே கதைதான், ரிப்போட்டில எம்சிவிக்குப் பக்கத்தில ஒவ்வொரு முறையும் "எல்" (குறைவு) எண்டு விழும், ரெண்டு வருசமா இரும்புதான் குடுத்தவை, ஒருத்தரும் அம்மா அப்பான்ர ரிப்போட்டைக் கேக்கவேயில்லை. ஜெனெற்றிக்ஸ் எண்டா கொழும்பில இருக்கிற பெரிய விசயம் எண்டு கன டொக்டர்மார் நினைக்கினம், பரம்பரை கேட்டு ஒரு தாளில கீறிறதுதான் அதில முதல் வேலை, அதை அவையே செய்யலாம்.

வீட்டில ஒண்டு செய்து பாருங்கோ. எம்சிவியை ரிப்போட்டில இருக்கிற சிவப்பணு எண்ணிக்கையால வகுத்துப் பாருங்கோ. எண்ணிக்கை 5.6 எண்டா, 68ஐ 5.6ஆல வகுத்தா 12 சொச்சம். 13க்குக் கீழ வந்தா தலசீமியாப் பக்கம் சந்தேகம், முடிவில்லை.

ஒண்டு கவனம், உடம்பில இரும்பு குறைவா இருந்தா எச்பிஎல்சியில கரியரைக் காட்டிக் குடுக்கிற எச்பி ஏ2 எண்ட ஈமோகுளோபின் வகையைக் குறைச்சுக் காட்டி கரியரை மறைச்சுப்போடும், அதால பெரிட்டினும் (உடம்பில இருக்கிற இரும்புச் சேமிப்பு) சேர்த்துப் பாருங்கோ. தலசீமியாவில அல்பா, பீற்றா எண்டு ரெண்டு வகை இருக்கு, அல்பா வகை எச்பிஎல்சியில தெரியாமலும் போகும், அப்பதான் டிஎன்ஏ.

கலியாணம் சரிவந்திருக்கெண்டு எழுதியிருக்கிறியள், மாப்பிள்ளையையும் ஒரு எப்பிசி (முழு இரத்த எண்ணிக்கை) எடுக்கச் சொல்லுங்கோ. ரெண்டு பேரும் பீற்றா கரியரா இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 வீதம் பெரிய தலசீமியா, அதாவது கடுமையான வகை, வர வாய்ப்பு. கரியர் எண்டது வருத்தமில்லை தங்கச்சி, அதைச் சொல்லி ஒருத்தரும் கலியாணத்தைக் குழப்ப விடாதேங்கோ.