கார்டைத் தேய்த்துத் தர்மமா?

கேள்வி: யூத மதத்துக்கு மாறி, யூதர் ஒருவரை மணந்தவள் நான். நியூ ஜெர்சி, டீனெக்கில் இருக்கிறோம். இருவர் சம்பளமும் சேர்த்து ஆண்டுக்கு 1,40,000 டாலர். கைக்கு வருவது 1,04,000. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ‘மாசேர்’ என்று தர்மத்துக்கு ஒதுக்குவது இங்கே வழக்கம். எங்களுக்குப் போன வருடம் 16,800 டாலர் போயிருக்கிறது, பெரும்பாலும் கிரெடிட் கார்டில். கார்டு பாக்கி 19,000; வட்டி 24%. மாதம் 500 கட்டியும் குறையவில்லை. என் கொழுந்தனார் வாரம் தவறாமல் நன்கொடை லிங்க் அனுப்புவார். இப்போது தன் கடனுக்கு என் கணவரை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார். “கொடுக்கக் கொடுக்கத்தான் பெருகும்” என்கிறார் கணவர். நண்பர் சொன்னார் என்று டோனர் அட்வைஸ்டு ஃபண்ட் (தர்மப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைத்து, பிறகு பிரித்துக் கொடுக்கும் கணக்கு) தொடங்கவும் ஆசைப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: பட்ஜெட் போடுங்கள், செலவை எழுதி வையுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. இவ்வளவு துல்லியமாகக் கணக்கு எழுதி அனுப்பியவருக்கு அது தெரியும். உங்கள் வீட்டில் கெடுதல் செய்வது ஒரே பழக்கம்: பாக்கி நிற்கும் கார்டிலேயே தர்மத்தையும் ஏற்றுவது.

19,000-க்கு 24% என்றால் வருடத்துக்குச் சுமார் 4,560, மாதம் 380 டாலர் வட்டி. நீங்கள் கட்டும் 500-இல் அசலுக்குப் போவது 120தான். அடுத்த லிங்க் வந்ததும் அதுவும் திரும்ப ஏறிவிடுகிறது. தர்மமும் வட்டியும் சேர்த்தால் 21,360. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தர்மம் செய்யாதே என்று பழைய யூதச் சட்டநூலான தால்முத் காலத்திலேயே உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் கைக்கு வருவதில் ஐந்தில் ஒன்று 20,800. வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், தாண்டிய பணம் போனது ஏழைக்கு அல்ல, வங்கிக்கு.

கணவரிடம் மத விஷயத்தில் வாதாட எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவர் மதிக்கும் யூதச் சட்டத் தொகுப்பான சுல்ஹான் அரூக்கிலேயே, 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோ நகர ரப்பி (யூத மதகுரு) மோசே இஸ்ஸர்லெஸ் எழுதிய குறிப்பில் வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் உன் பிழைப்பு, பிறகு பெற்றோர், பிள்ளைகள், சகோதரர்கள், மற்ற உறவினர், அக்கம்பக்கத்தார், உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர். லிங்க் அனுப்பும் அமைப்புகள் இதில் எங்கே வருகின்றன என்று அவரே பார்க்கட்டும்.

உங்கள் ரப்பியிடம் இருவரும் சேர்ந்து போங்கள். கார்டு ஸ்டேட்மென்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள்; வாயால் சொன்னால் கணவர் பாதியை விழுங்கிவிடுவார். இரண்டு கேள்வி போதும். மாசேரை மொத்தச் சம்பளத்தில் கணக்கிட வேண்டுமா, வரி போக மிஞ்சுவதிலா? பல ரப்பிகள் வரியைக் கழிக்க அனுமதிக்கிறார்கள். அப்படியானால் 14,000 என்பது 10,400 ஆகிறது. கடன் தீரும்வரை அதையும் குறைக்கலாமா? மாதம் 300 போதும் என்று அவர் சொன்னால், இப்போது போகும் 1,400-இல் 1,100 மிஞ்சும். 500-உடன் சேர்த்து மாதம் 1,600 கட்டினால் ஏறக்குறைய 14 மாதத்தில் கார்டு பைசல். அந்த 300-ஐத் தனி டெபிட் கணக்கில் போடுங்கள். பூரிம் பண்டிகைக்கு இரண்டு ஏழைகளுக்குக் கொடுப்பதும், பிள்ளைகள் உண்டியலில் போடும் சில்லறையும் அதிலிருந்தே. கணக்கு காலியானால் அந்த மாதத் தர்மம் முடிந்தது.

“36 மணி நேரத்துக்குள் கொடுத்தால் இரட்டிப்பு” என்று வரும் லிங்குகளைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த இரட்டிப்புப் பணத்தைப் பெரும்பாலும் பெரிய கொடையாளர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

டோனர் அட்வைஸ்டு ஃபண்டா? விலை ஏறிய பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, வரிக்கழிவை இந்த வருடமே எடுக்க நினைப்பவர்களுக்கு அது சரி. 24% வட்டி கட்டுபவர்களுக்கு அங்கே என்ன வேலை? 2026 முதல் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் (கழிவுகளைப் பட்டியலிடாமல் எடுக்கும் நிலையான வரிக்கழிவு) எடுக்கும் தம்பதிகளும் 2,000 டாலர் வரையிலான ரொக்க நன்கொடைக்குக் கழிவு பெறலாம்; இந்த ஃபண்டில் போடும் பணத்துக்கு அது கிடையாது.

ஜாமீன் கையெழுத்து கூடவே கூடாது. அவர் கட்டாவிட்டால் அந்தக் கடன் உங்கள் கடன். தம்பிக்கு உதவ வேண்டுமானால் 300-லிருந்து கொடுக்கலாம். உறவினருக்குக் கொடுப்பதும் தர்மம்தானே.

நீங்கள் யோசிக்காத ஒன்று. வட்டியில்லாக் கடன் தரும் கெமாக் உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கும். அங்கே 5,000 கிடைத்தால்கூட வருடத்துக்கு 1,200 டாலர் வட்டி மிச்சம். கணவர் கூச்சப்படுவார். தர்மத்தின் எட்டுப் படிகளில் உச்சியில் இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் வைத்தது, ஒருவர் கையேந்தும் நிலைக்குப் போகுமுன் கடன் கொடுத்தோ வேலை கொடுத்தோ தூக்கிவிடுவதைத்தான் என்று சொல்லுங்கள். கெமாக்கில் ஜாமீன் கேட்பார்கள். கொழுந்தனாரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.