நாலு விடையும் சரி மாதிரியே தெரிகிறதே!

கேள்வி: வீட்டிலிருந்தபடியே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். வரலாற்றுப் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டேன். ஆனால் வினாத்தாளைப் பார்த்ததும் ஆண்டுகள் குழம்பிவிடுகின்றன, நாலு விடையும் சரி மாதிரியே தெரிகிறது. என்ன செய்ய?
– வாசகி ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: சகோதரி, வாசிக்க வாசிக்க எல்லாப் பெயர்களும் பழகிவிடும். பழகிய பெயர் எல்லாமே விடை போலத்தான் தெரியும். ஆண்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வராமல் இருக்காது. ஒன்று ஏன் நடந்தது, அதிலிருந்து அடுத்தது எப்படி வந்தது என்று கோத்துப் படியுங்கள்.

நம் சீமைக் கதையையே எடுத்துக்கொள்வோம். ஆஷ் கொலை, சுதேசி கப்பல் கம்பெனி, வங்கப் பிரிவினை, திருநெல்வேலி எழுச்சி: இவற்றைக் காலவரிசைப்படுத்தச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். 1905இல் வங்கத்தைப் பிரித்தார்கள். அந்தக் கோபத்தில் சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908 மார்ச் 12இல் அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாளே திருநெல்வேலி கொந்தளித்தது. அப்போது தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்தவர்தான் ஆஷ். பிற்பாடு மாவட்டக் கலெக்டரான அவரை 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்டார். பரீட்சை அறையில் ஆண்டு அத்தனையும் மறந்துபோனாலும் இந்த வரிசை மறக்காது. வங்கப் பிரிவினைதான் முதல் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தாலே சில விடைகள் தானாகக் கழிந்துவிடும். 'பொருத்துக' கேள்விக்கும் இதுதான் வழி. சந்தேகமே இல்லாத ஒரு ஜோடியை முதலில் பிடியுங்கள், அது இல்லாத விடைகளைத் தள்ளுங்கள், அப்புறம் மீதியைப் பாருங்கள்.

கூற்று–காரணம் கேள்வியில்தான் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். 'கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்டார்' என்பது கூற்று. 'ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்' என்பது காரணம். இரண்டும் உண்மை. உடனே 'இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது' என்று வட்டத்தை நிரப்பிவிடக் கூடாது. நடுவில் 'ஏனென்றால்' என்று போட்டு வாசித்துப் பாருங்கள். கட்டபொம்மனின் தம்பியான ஊமைத்துரை தப்பியது 1801இல். பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்கு எப்படிக் காரணமாகும்?

'மட்டுமே', 'எப்போதும்' என்று வந்தால் அது தவறான விடை என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். அதை நம்பிப் போகாதீர்கள். அதைவிட, கேள்வியில் 'தவறானது எது', 'பொருந்தாதது எது' என்று இருக்கிறதா என்பதைப் பார்ப்பது முக்கியம். தெரிந்த கேள்வியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இதில்தான். குரூப் 4இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அதனால் இரண்டைக் கழித்த பிறகு மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறியுங்கள். கறுப்புப் பேனாவில் நிரப்பியதை அழிக்க முடியாது என்பதால், முடிவு செய்த பிறகே பேனாவைத் தாளில் வையுங்கள்.

சரி, வீட்டில் எப்படிப் பழகுவது? தேர்வாணையத்தின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கும். எடுத்து வைத்துக்கொண்டு, சரியான விடையோடு நிற்காமல் மற்ற மூன்றும் எதற்கான விடை என்று நோட்டில் எழுதுங்கள். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம் எது? பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு, திருப்பத்தூர், பாளையங்கோட்டை என்று கொடுத்திருக்கிறார்கள். விடை கயத்தாறு. பாஞ்சாலங்குறிச்சி அவருடைய கோட்டை இருந்த ஊர். திருப்பத்தூர் 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட இடம். பாளையங்கோட்டையை மேலேயே பார்த்துவிட்டோம். ஒரே கேள்வியில் நாலு கேள்விக்குப் படித்தாகிவிட்டது. தினமும் பத்துக் கேள்வியை இப்படிப் பிரித்துப் பாருங்கள். தினம் நூறு கேள்விக்கு விடை மட்டும் பார்த்துப் புரட்டுவதைவிட இது கைகொடுக்கும். இன்றைக்கு ராத்திரியே நோட்டைத் திறந்து பாளையக்காரர்கள் பாடத்திலிருந்து தொடங்குங்கள்.