மிச்சமான காசு வீட்டை விட்டு வெளியே போகட்டும்

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தாலே எங்கள் வீட்டில் குழப்பம்தான். மாமியாருக்கு 63 வயது, சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனாலும் நாற்பது நாளும் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) இருப்பேன் என்று பிடிவாதம். பசி எரிச்சலில் வீட்டு வேலைக்கு வரும் அக்காவைத் திட்டித் தீர்க்கிறார். கணவர் வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டார். ஆனால் போன வாரம் 900 ரூபாய்க்குச் சீலா மீன் வாங்கி வந்து, “மீன்தானே, தப்பில்லை” என்றார். நான் வேலை முடிந்து வருவதற்குள் கோயிலில் சிலுவைப்பாதை (இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் ஜெபம்) முடிந்துவிடுகிறது. நாங்கள் செய்வது தவமா, வெறும் பழக்கமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி.

பதில்: அன்புச் சகோதரி, முதலில் மாமியாரின் மாத்திரை. மற்றதெல்லாம் அப்புறம்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான் கடமை. 59 நிறைந்ததும் அந்தக் கடமை முடிந்துவிடுகிறது. அதுவும் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், இயேசு மரித்த பெரிய வெள்ளி என்று இரண்டே நாட்கள். நோயாளிகளை அந்த இரண்டு நாட்களும் கட்டாயப்படுத்துவதில்லை. சில சுகர் மாத்திரைகளைப் போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போட்டால் சுகர் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக்கூடாது. இதையெல்லாம் நீங்கள் சொன்னால் ‘மருமகள் சட்டம் பேசுகிறாள்’ என்றாகிவிடும். பங்குத்தந்தையிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் வாயால் சொல்ல வையுங்கள். தவம் செய்தே ஆகவேண்டும் என்றால் சாயங்கால சீரியலை ஈஸ்டர் வரை நிறுத்திவிட்டு அந்நேரம் ஜெபமாலை சொல்லட்டும். நான் பார்த்தவரை, பலருக்கு அது ஒருசந்தியைவிடக் கஷ்டம்!

வேலைக்கு வரும் அக்கா விஷயத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது அதுதான். “நாங்கள் நோன்பிருக்கிறோமே, ஆண்டவர் ஏன் பார்க்கவில்லை?” என்று முறையிட்டவர்களிடம் எசாயா இறைவாக்கினர் இதைத்தான் கேட்டார்: நோன்பு நாளிலும் உங்கள் வேலையாட்களை வாட்டுகிறீர்களே, இதெல்லாம் ஒரு நோன்பா? அந்த 58-ஆம் அதிகாரம் திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசையில் வாசிக்கப்படுகிறது. மாமியாரும் கேட்டிருப்பார். பட்டினி கிடந்து பிறரைக் கடிப்பதற்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். பெரிய வெள்ளியன்று அந்த அக்காவுக்குச் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுங்கள்.

சீலா மீனுக்கு வருவோம். சட்டப்படி உங்கள் கணவர் சொல்வது சரி. சுத்தபோசனம் என்கிற வெள்ளிக்கிழமை விதி விலக்கச் சொல்வது கறியைத்தான், மீனை அல்ல. கவுச்சியே கூடாது என்று மீனையும் ஒதுக்கும் குடும்பங்கள் உண்டு. அது அவரவர் பக்தி. கடற்கரை ஊரில் மீன் அன்றாடச் சோற்றோடு சேர்ந்தது. அவர் விலை குறைந்த சாளை மீன் வாங்கி வந்து குழம்பு வைத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். கறிக்குப் பதில் அதைவிட விலை கூடின மீன் என்றால் எதை ஒறுத்தோம்?

இரண்டாம் நூற்றாண்டில் ரோமைக் கிறிஸ்தவர்களிடம் புழங்கிய ஒரு நூல் இதற்குக் கணக்கே போட்டுக் கொடுக்கிறது. நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள். வழக்கமாகச் சாப்பிட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார். அந்தத் தொகையை ஒரு கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ கொடு என்கிறது. செபம், நோன்பு, தர்மம் மூன்றையும் தனித்தனிக் கடமையாக வைத்துக்கொள்வதால்தான் நமக்குக் கணக்கு இடிக்கிறது. கறி வாங்காமல் மிச்சமான பணம் பிரிட்ஜுக்குள் ஐஸ்கிரீமாகவோ ஈஸ்டர் புதுத்துணியாகவோ திரும்பி வந்தால், நாம் கறியைத் தள்ளிப்போட்டோம், அவ்வளவுதான்.

ஆகவே வெள்ளிதோறும் கறிக்கு ஆகியிருக்கும் தொகையை அன்றைக்கே எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். ‘மாசக் கடைசியில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்’ என்றால் நடக்காது. உங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களிடம் கொடுக்கலாம்; ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பதே 1833-இல் பாரிஸில் தொடங்கிய அந்தச் சபையின் வேலை. தெருவிலேயே மருந்துக்குத் திண்டாடும் பாட்டி இருந்தால் நேரே அவர் கையில் கொடுப்பது இன்னும் நல்லது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். திருநீற்றுப் புதன் நற்செய்தியே அதற்கு எதிராகத்தான் பேசுகிறது.

சிலுவைப்பாதைக்குப் போக முடியவில்லை என்று வருந்தவேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் நாளுக்கு ஒரு நிலை என்று வீட்டிலேயே சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். பதினான்கும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. வாசிப்பதைக் கணவரிடம் விடுங்கள்.