கிளிநொச்சியிலிருந்து ஒரு கிழமைச் சைக்கிள் பயணம்: மலையும் கடலும் ஒன்றாகப் பார்க்க எப்படித் திட்டமிடலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கிளிநொச்சியில் மூன்று பேர், கனடாவிலிருந்து தன் சைக்கிளோடு வரும் மச்சானோடு நாலு பேர். "இலையுதிர் காலம், ஒக்ரோபர் கடைசி" என்று மச்சான் நாள் குறித்திருக்கிறார். வீட்டிலிருந்து மிதித்துப் போய் நுவரெலியா ஏறி, திருகோணமலையில் கடல் குளித்து, திரும்பி வர ஒரு கிழமை போதுமா?

போதும். ஆனால் மாதத்தை முன்னுக்கு இழுக்க வேண்டும், பாதையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

முதலில் மாதம். கனடாவில் இலை சிவக்கிற நேரம் எங்களுக்கு மழை இறங்கும் நேரம். ஒக்ரோபர் நடுவிலிருந்து மலைநாட்டில் பின்னேர இடிமழை வழக்கம். கார்த்திகை பிறந்தால் வன்னிக் கரை புயலின் வழியில் கிடக்கிறது: 2008இல் நிஷா, 2020இல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிய புரெவி, 2025இல் மலைநாட்டையும் சேர்த்துப் புரட்டிய டித்வா, எல்லாம் நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் முதல் கிழமைக்கும் இடையில் வந்தவை. ஆகவே செப்ரெம்பர் 15க்கும் ஒக்ரோபர் 5க்கும் இடையில் ஒரு கிழமையைப் பிடியுங்கள். சிறுபோக வெட்டு முடிந்து காலபோக விதைப்புத் தொடங்காத இடைவெளி அது. வயல் உள்ளவர்களுக்கும் கை ஓய்ந்திருக்கும். போயா விடுமுறையோடு ஒட்டிய சனி ஞாயிறை மட்டும் தவிருங்கள். நுவரெலியாவில் அறையும் கிடைக்காது, இறக்கத்தில் வான்களும் விடாது.

அடுத்தது திசை. செப்ரெம்பரில் எங்கள் பக்கம் வீசுவது சோளகம், தென்மேற்கிலிருந்து. மாதக் கடைசியில் வலு குறையும், திசை அவ்வளவாக மாறாது. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வழியாகத் தெற்கே மிதித்தால் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் காற்றும் முகத்தில், வெயிலும் முகத்தில். கண்டியைத் தொடும்போதே கால் கழன்றிருக்கும், அதற்கு மேல் நுவரெலியா ஏற்றம். அதே பாதையை மலையிலிருந்து தொடங்கினால் சரிவும் காற்றும் முதுகில் கை வைத்துத் தள்ளும். சைக்கிளை மேலே ஏற்றிக்கொண்டு போங்கள், மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

மலை ரயில் ஓடுகிறதென்றால் அதில் பொதியாகப் பதிந்து கொண்டுபோகலாம். ஆனால் பொல்காவலையில் மாற வேண்டும், சைக்கிளும் அதே நேரத்தில் அடுத்த ரயிலில் ஏறும் என்று சொல்ல முடியாது. நாலு சைக்கிளுக்கு ஒரு பட்டா (சின்ன லொறி) வாடகைக்குப் பிடிப்பதே லேசு. ஆட்கள் பஸ்ஸில் போகலாம். பட்டாவில் ஒன்று முன்பக்கம் பார்க்க, மற்றது பின்பக்கம் பார்க்க நிறுத்துங்கள், அப்போதுதான் ஹேண்டில்கள் முட்டாது. இடையில் சாக்கு மடித்து வையுங்கள். கயிற்றைச் சட்டத்தில் கட்டுங்கள், சில்லில் கட்டாதீர்கள். கியர் சைக்கிளின் வலப்பக்கம் எதிலும் சாயக்கூடாது. பின் கியரைத் தாங்கும் சின்னக் காது வளைந்தால் மட்டமான வீதியில் ஒன்றும் தெரியாது; மலையில் பெரிய பல்லுக்கு மாற்றும்போது கியர் சில்லுக் கம்பிக்குள் போய் மாட்டும், நாலைந்து கம்பி ஒரே நேரத்தில் முறியும். இறக்கியதும் பின்னால் குந்தியிருந்து பாருங்கள். செயின் ஓடும் இரண்டு சின்னப் பற்சக்கரமும் மேலே உள்ள பல்லோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம், பிரேக். நுவரெலியா 1868 மீற்றர், கண்டி சுமார் 500. இடையில் 77 கிலோமீற்றர், அதுதான் முதல் நாள்; மேலே போகும் நாள் இந்த ஒரு கிழமைக்குப் புறம்பு. ஊரை விட்டு வெளியேறச் சின்ன ஏற்றம் ஒன்று. பிறகு லபுக்கலைத் தேயிலைத் தோட்டங்களுக்கூடாக இறம்பொடை வரை வளைந்து வளைந்து இறக்கம். ஆளும் சைக்கிளும் பையுமாக 90 கிலோ அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் சக்தி, மூன்று லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் காணும். அதில் ஒரு பங்கு காற்றோடு போகும். மிச்சத்தில் பெரும்பகுதி, ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும்தான் போகிறது. மெதுவாகப் போகிறோம் என்று நினைத்துப் பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வருபவர்களுக்குத்தான் ஆபத்து. ரிம் கொதிக்கும், ரியூபுக்குள் காற்று விரியும், பழைய ஒட்டு இளகிக் கழரும். முன்சில்லில் அது நடந்தால் வளைவில் நேரே பள்ளத்துக்குத்தான்.

செய்ய வேண்டியது: நேர்ப்பாதையில் விடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக இரண்டு மூன்று விநாடி அழுத்தி வேகத்தைக் கொல்லுங்கள், வளைவுக்குள் பிரேக்கை விடுங்கள். வளைவின் நடுவில் பிடித்தால் சில்லு வழுக்கும். ஐந்து கிலோமீற்றருக்கு ஒருமுறை நின்று ரிம்முக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். வெக்கை அடித்தால் பத்து நிமிடம் ஆறவிட்டுப் போகலாம். மலைக்கு ஏற்றும் ரியூப் ஒட்டுப்போடாத புது ரியூபாக இருக்கட்டும். பிரேக் கட்டையில் வெட்டுக்கோடு தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றுங்கள், ஆளுக்கு ஒரு சோடி கையிலும் இருக்கட்டும். பிரேக் வயர் பெரும்பாலும் அறுவது கைப்பிடிக்குள் இருக்கும் குண்டுக்குப் பக்கத்தில். கைப்பிடியை முழுக்க இழுத்துப் பிடித்து உள்ளே பாருங்கள். ஒரு நார் பிரிந்திருந்தாலும் அந்த வயர் வேண்டாம்.

உங்களில் யாராவது கம்பிப் பிரேக் உள்ள 28 அங்குல லுமாலாவில் வருவதாக இருந்தால் நுவரெலியாவை விட்டுவிட்டு மாத்தளையிலிருந்து சேரச் சொல்லுங்கள். அந்தச் சைக்கிள் கிடுகு கட்டவும் நெல் ஏற்றவும் ராசா. ஆனால் இரும்பு ரிம் நனைந்தால் கட்டை பிடிக்காது, மலையில் மழை கேட்டு வருவதில்லை. செப்ரெம்பரிலும் அங்கே மத்தியானத்துக்குப் பிறகு மூட்டமும் தூறலும் வரும். ஏழு மணிக்கு இறங்கத் தொடங்கி, மழைக்கு முன் புசல்லாவையைக் கடந்துவிடுங்கள். விடியக் குளிர் பல்லைக் கிட்ட வைக்கும். வன்னி உடம்புக்கு ஒரு சுவெற்றர் போதாது. சட்டைக்குள் நெஞ்சில் இரண்டு பேப்பர்த் தாளை விரித்து வைத்தால் இறக்கத்துக் காற்று உள்ளே ஏறாது. கம்பளையில் எடுத்து எறியலாம். கைவிரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது, ஆகவே கையுறை கட்டாயம். வழி நெடுகத் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. ரொட்டிக்கும் பிளேன்ரீக்கும் பஞ்சமில்லை.

இரண்டாம் நாள் கண்டியிலிருந்து தம்புள்ளை, 72 கிலோமீற்றர். கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கம் வாகன நெரிசல் மோசம். ஆறு மணிக்கே வெளியேறினால் மாத்தளையில் காலைச் சாப்பாடு, முத்துமாரி அம்மனையும் கும்பிட்டுவிட்டுப் போகலாம். பின்னால் பஸ் தொடர்ந்து ஹோர்ன் அடித்தால் அது விலகச் சொல்வது அல்ல, "நான் எடுக்கிறேன்" என்பது. வீம்புக்கு நிற்காமல் ஓரத்தில் இறங்கிவிடுங்கள்.

மூன்றாம் நாள்தான் நீளம். தம்புள்ளையிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை சுமார் 108 கிலோமீற்றர். மட்டமான பாதை, காற்றும் பின்னால் என்பதால் முடியும். ஆனால் நேரத்தைக் கணக்குப் பண்ண வேண்டும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காடு, யானை கடக்கும் வீதி. மின்னேரியாவில் யானைகள் கூட்டமாகச் சேரும் மாதமும் இதுதான். விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் அந்தப் பகுதியில் சைக்கிளில் இருக்கவே கூடாது. தம்புள்ளையில் ஆறு மணிக்கு ஏறினால் ஹபரணையில் வெயில் ஏறியிருக்கும், பத்தரைக்கு முன்னால் கந்தளாய்க் குளத்தைப் பார்க்கலாம். தூரத்தில் யானை நின்றால் நில்லுங்கள். லொறியோ பஸ்ஸோ வரும்வரை காத்திருந்து அதன் மறைவில் கடவுங்கள். படம் எடுக்கக் கிட்டப் போகும் மச்சானைப் பிடித்து இழுங்கள். இந்தத் தூரம் பயமென்றால் ஹபரணையில் ஒரு இரவு தங்கி இரண்டாகப் பிரிக்கலாம், திருகோணமலை ஓய்வு நாள் போய்விடும்.

தண்ணீர்: மணிக்கு முக்கால் லீற்றர், உச்சி வெயிலில் ஒரு லீற்றர். ஹபரணையில் ஆளுக்கு மூன்று லீற்றர் நிரப்புங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் பின்னேரம் தலையிடிக்கும், கெண்டைக்கால் பிடிக்கும். பார்மசியில் ஜீவனி (தண்ணீரில் கரைக்கும் உப்புச்சீனித் தூள்) வாங்கி, ஒரு பைக்கற்றை ஒரு லீற்றரில் கரைத்து ஒரு போத்தல் தனியாக வையுங்கள். சக்திக்கு விலை கூடிய சொக்லேற் வேண்டாம், அது உருகி வழியும். பனாட்டு, எள்ளுருண்டை, வறுத்த கச்சான் மூன்றும் வெயிலுக்கு அசையாது. முக்கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் வாயில் போடுங்கள். பசித்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிட்டது என்று அர்த்தம்.

பையை முதுகில் போடாதீர்கள். பின் கரியரில் ஆளுக்கு எட்டுக் கிலோவுக்குள். உள்ளே பிளாஸ்ரிக் உறை உள்ள உரப்பையைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் உடுப்பை வைத்து வாயை இரண்டு முறை சுருட்டிக் கட்டினால் தண்ணீர் இறங்காது. கட்டுவதற்குப் பழைய மோட்டார்சைக்கிள் ரியூபை நீளவாக்கில் வெட்டிய கீலம்தான் நல்லது. கயிறு அதிர்வில் நெகிழும், ரியூப் நெகிழாது. தொங்கும் நுனியை மட்டும் செருகிவிடுங்கள், சில்லு இழுத்துக்கொள்ளும்.

மச்சானுடைய சைக்கிள்தான் தலையிடி தரும். அவருடையது 700 அளவுச் சில்லும் மெல்லிய வால்வுமாக இருந்தால் முல்லைத்தீவுக் கரையில் அதற்கு ரியூப் தேடி அலைய வேண்டிவரும். அவர் மூன்று ரியூபும், அந்த வால்வைச் சாதாரணப் பம்புக்கு மாற்றும் பித்தளைத் துண்டும் கொண்டுவரட்டும். மற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு ரியூப். எல்லோருக்கும் பொதுவாகப் பத்து ஒட்டு, உடைக்காத சொலூசன் ஒன்று. ஒருமுறை திறந்தது அடுத்த தேவைக்குள் காய்ந்துவிடும். வீதியோரத்தில் இறங்கினால் நெருஞ்சி முள் ஏறும். புது ரியூப் போட முன் ரயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். அதை எடுக்காமல் ரியூபை மாற்றினால் ஐந்தாவது நிமிடம் மறுபடியும் காற்றுப் போகும்.

நாலாம் நாள் திருகோணமலையில் ஓய்வு: கோணேசர், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், உப்புவெளியில் குளிப்பு. கரை மணலில் சைக்கிள் ஓடும் ஆசையை அடக்குங்கள். உப்புத் தண்ணீர் ஹப்புக்குள் இறங்கினால் நாலு நாளில் குண்டு கரகரக்கும்.

ஐந்தாம் நாள் நிலாவெளி, குச்சவெளி, திரியாய் வழியாகப் புல்மோட்டை சுமார் 55 கிலோமீற்றர், லேசான நாள். பின்னேரம் செயினை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். தங்குமிடத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள், அங்கே தெரிவு குறைவு.

ஆறாம் நாள் முல்லைத்தீவு. வரைபடத்தில் கொக்கிளாய் எட்டித் தொடும் தூரம்தான், ஆனால் களப்பு குறுக்கே கிடக்கிறது. வீதி உள்பக்கமாகச் சுற்றித்தான் கொக்குத்தொடுவாய்க்கு வரும். பிறகு நாயாறு, செம்மலை, அளம்பில், சிலாவத்தை. டித்வாவுக்குப் பிறகு இந்தப் பக்கத்துப் பாலங்களை நம்பி நாள் குறிக்க வேண்டாம். நாயாறு, வட்டுவாகல் இரண்டின் நிலையையும் புறப்படும் கிழமையில் முல்லைத்தீவில் உள்ளவர்களிடம் கேளுங்கள். வழி இல்லையென்றால் திருகோணமலையிலிருந்து வவுனியாவுக்குச் சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றுங்கள். ஹொரவப்பொத்தானை வழியை மிதித்தால் காற்றும் யானையும் எதிரே. இன்னொன்று, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மச்சானுக்குச் சொல்ல வேண்டும்: ஒன்றுக்குப் போவதென்றாலும் வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கக்கூடாது. மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு. சிவப்புப் பலகை விழுந்தோ காடு மூடியோ இருக்கலாம்.

கடைசி நாள் மாங்குளம் வீதியை எடுக்காதீர்கள். 49 கிலோமீற்றரும் சோளகத்தை நெற்றியில் வாங்க வேண்டும். பரந்தன் வீதி 52 கிலோமீற்றர் என்றாலும் புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் என்று வடமேற்கே போவதால் காற்று இடப்பக்கத்தால்தான் அடிக்கும். நாலு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் பின்னுக்கு வந்தால் கால் மிஞ்சும். நந்திக்கடல் வெளியில் திடீரெனக் காற்று தள்ளும். ஒதுங்க இடமில்லாத பாலத்தில் வாகனம் வந்தால் இறங்கி உருட்டிப் போங்கள். சிறுபோக நெல் வீதியோரத்தில் காய்ந்துகொண்டிருந்தால் அதன்மேல் ஏறாதீர்கள், மணலைவிட மோசமாகச் சறுக்கும், ஏச்சும் விழும்.

பயிற்சிக்கு ஒரு மாதம் எடுங்கள். வன்னியில் மலை இல்லை, ஆனால் ஓகஸ்ட் சோளகம் இருக்கிறது. ஞாயிறு பத்து மணிக்கு, கரியரில் எட்டுக் கிலோ அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரை எதிர்க்காற்றில் மிதித்துத் திரும்புங்கள். முழங்கால் முன்பக்கம் நொந்தால் இருக்கையை ஒரு விரல் உயர்த்துங்கள்: குதிக்காலைப் பெடலில் வைத்தால் கால் கிட்டத்தட்ட நேராக நீள வேண்டும். நாலு ஞாயிறு இதைச் செய்தும் மூன்றாம் நாளின் 108 கிலோமீற்றர் பயமாக இருக்கிறவர் இருந்தால், அவருக்காக ஹபரணை அறையை இப்போதே பேசி வையுங்கள்.